வளர்க்கக் கொடுத்த பிள்ளை

பிறர் வீட்டுப் பிள்ளைகளை எண்ணுவதில் எங்கள் தோட்டத்தில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் கிடையாது. ரவிச்சந்திரன் வீட்டைக் கடந்து போகிற எவரும், கோயிலுக்குப் போனாலும் சரி, சமையல் கியாஸ் தோம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, வாசலில் இறைந்து கிடக்கும் சிலிப்பர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில்லை. அவனுக்கு ஆறு பிள்ளைகள். "இந்தக் காலத்துல ஆறா!" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களின் தாய்மார்கள் எட்டும் பத்தும் பெற்றவர்கள்தான். அது வசதியாக மறந்துபோகும். எட்டாவது பிள்ளை எட்டிப் பார்த்த வீடு குட்டிச்சுவர் என்பார்கள். ரவி ஆறோடு நிறுத்திக்கொண்டதில் சிலருக்கு ஏமாற்றமோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

சுங்கை லாலாங்கிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் இருக்கிறது எங்கள் தோட்டம். ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் பாதிக்குமேல் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள். மிச்சமிருக்கும் தமிழர்களில் நான் ஒருவன். பீடோங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டி ஓய்ந்தவன். என் வீட்டுக்கு எதிர்வீடுதான் ரவியுடையது. அவர்களுக்குக் காடி கிடையாது. எனக்கு ஒரு பழைய புரோட்டோன் சாகா கார் உண்டு. அதனால் அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான்தான் டிரைவர்.

ரவி குலை வெட்டுபவன். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்று, மட்டையைக் கழித்து, குலையை இழுத்து விழவைக்க வேண்டும். விழுகிற இடத்தில் நின்றால் மண்டை மிஞ்சாது. அவன் மனைவி நவமணி பின்னாலேயே போய் மட்டைகளை அடுக்குவாள், சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் கட்டுவாள். பழம் முள்ளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்து வெடித்திருக்கும். மழைக்காலத்தில் இருவரும் முழங்கால்வரை சேறோடு திரும்பும்போது மணி மூன்றைத் தாண்டிவிடும்.

முன்பெல்லாம் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அதை இடித்து உரமூட்டை அடுக்கும் ஸ்டோர் கட்டிவிட்டார்கள். ஆகவே ரவி வீட்டில் மூத்தவள் யுகேஸ்வரிதான் ஆயா. அவளுக்குப் பள்ளிக்கூடம் என்பது தம்பி தங்கைகளுக்குக் காய்ச்சல் இல்லாத நாள்களில் மட்டும். பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கவில்லையா என்று கேட்டால், கவனிக்கவில்லைதான், பொய் சொல்வானேன்? சின்னவன் ஒருமுறை செம்பனைப் பழத்தைக் கடித்துத் தின்றுவிட்டு வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான். மாலையில் அவனைக் கண்டவள் அவன் அம்மா அல்ல, என் மனைவி. அடி? அதுவும் உண்டு. கதவுக்குப் பின்னால் ரோத்தான் பிரம்பு தொங்கும். நவமணி அதை எடுத்தால் குற்றவாளி யார் என்று விசாரிக்க நேரமிருக்காது. வரிசையாக ஆளுக்கு ஒன்று விழும். மற்றவர்கள் அடி விழுமுன்பே ஊரைக் கூட்டுவார்கள். மூன்றாவது பெண் காஞ்சனா மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, விட்ட வேலையைத் தொடரப் போய்விடுவாள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அந்த வீட்டில் யாருக்குப் பால் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

காஞ்சனாவுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவியின் அக்கா லோகேஸ்வரி ஜித்ராவிலிருந்து வந்தாள். அவளும் இதே லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். படித்து, ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, சத்தியசீலனைக் கட்டிக்கொண்டு ஜித்ராவில் தாமான் குடியிருப்பு வீட்டுக்குப் போனவள். அங்கே கேட் உண்டு, மூன்று அறைகள் உண்டு. பிள்ளை மட்டும் இல்லை. பினாங்கு வரை போய் வைத்தியம் பார்த்து உடம்பும் மனமும் சலித்துவிட்டார்கள். அன்று நவமணி மரவள்ளிக் கிழங்கு அவித்து, கருவாட்டுச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள். லோகேஸ்வரி கிழங்கைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. மழைக்கு ஒதுங்கியவனாக நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நவமணி, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். ஒன்னை எனக்குக் குடு" என்றாள்.

"எதை அண்ணி?"

"எதைன்னா? பிள்ளையத்தான்லா. நீ ஆறு வச்சிருக்க. ஒன்னு போனா உனக்குத் தெரியவா போகுது? எனக்கு அந்த ஒன்னு வந்தா வீடு நெறையும்."

நவமணி ரவியைப் பார்த்தாள். அவன் கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்தான்.

"கடக்குட்டியக் கேக்காதீங்க அண்ணி. இன்னும் பால் மறக்கல."

"ஐயோ, கைப்பிள்ளை எனக்கு வேணாம். நான் வேலைக்குப் போறேன்லா. ஸ்கூல் போற பிள்ளையா இருந்தாத்தான் சுலுவு. அடம்புடிக்காத பிள்ளையா குடு."

"பெரியவளக் குடுத்தா வீடு நாறிடும்" என்றான் ரவி. "ரெண்டாவது அப்பா அப்பான்னு மோட்டோ பின்னாடியே ஓடிவரும். பையனுங்களக் கேக்காத அக்கா." கொஞ்சம் நிறுத்தி, "காஞ்சனாவ வேணா கூட்டிட்டுப் போ. அது இருக்கிற எடம் தெரியாது" என்றான்.

இருக்கிற இடம் தெரியாத அந்தப் பிள்ளை எங்களுக்கு ஆறடி தூரத்தில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. தலை நிமிரவில்லை. கை மட்டும் சற்று நின்று, பிறகு மறுபடி பொறுக்க ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைச் சும்மா கொடுக்க மாட்டார்கள். சும்மா கொடுத்தால் தங்காது. ஒரு படி தவிடாவது விலையாக வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் பெற்றவள் ஒரு வருஷம் பிள்ளைக்கு முகம் காட்டக் கூடாது. காட்டினால் பிள்ளை புது வீட்டில் ஒட்டாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க பாப்பம்மா இருந்தாள். தோட்டத்துப் பிள்ளைப்பேறு, மாந்தம், கண்ணேறு எல்லாவற்றுக்கும் அவள்தான் ஆள். மறுவாரம் லோகேஸ்வரி ஜித்ரா நெல் ஆலையிலிருந்து பிளாஸ்டிக் பையில் தவிடு கொண்டுவந்தாள். நவமணி முந்தானையை விரித்து வாங்கினாள். வாங்கியதைக் கோழிக்குப் போட்டாள். காஞ்சனா லோகேஸ்வரியின் சிவப்புக் காடியின் பின்சீட்டில் ஏறி, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள். அழவில்லை. "பாத்தியா, என்னா சமத்து!" என்று தோட்டமே மெச்சியது. எழுத்தில் எதுவும் இல்லை. ரத்த சொந்தத்துக்குள் எழுதிக் கொடுப்பது எங்களுக்குக் கேவலம்.

வாரம் ஒருமுறை லோகேஸ்வரி கைப்பேசியில் படத்தோடு அழைப்பாள். இங்கே ஐந்து தலைகளும் கைப்பேசியை மொய்த்துக்கொள்ளும்.

"அங்க ஏர்கோன் இருக்கா காஞ்சனா?"

"இருக்கு."

"தனி ரூமா? பொய்!"

"காட்டுறேன்." ரோஸ் நிறச் சுவர் திரையில் ஒரு சுற்று வரும்.

"சாப்டியாடா?" என்பாள் நவமணி, முகம் தெரியாதபடி கைப்பேசிக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"சாப்டேன்."

"அத்தை நல்லா பாத்துக்கிறாங்களா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. நவமணிக்கு அதில் பெருமை தாங்காது. "எம் புள்ளைக்கு ரோஸ் ரூமு அண்ணே" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள். வருஷம் முடிந்ததும் போய்ப் பார்த்துவரக் கேட்டாள். "இப்பத்தான் கொஞ்சம் ஒட்ட ஆரம்பிச்சிருக்கா. கெடுத்துடாத நவமணி. தீவாளி போகட்டும்" என்றாள் லோகேஸ்வரி. தீபாவளி போயிற்று, தைப்பூசமும் போயிற்று. நவமணி பொறுத்தாள். தான் போகாமல் இருப்பதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்று அவள் மனதார நம்பினாள். அவளைப் போன்ற தாய்க்குத்தான் இப்படியொரு தவறு வாய்க்கும்.

ஒருநாள் வேலைக்காட்டிலேயே நவமணிக்கு அழைப்பு வந்தது. ஜித்ரா பள்ளி ஆசிரியை ஒருத்தி பேசினாள். காஞ்சனா வலது கையைத் தூக்கி எழுத முடியாமல் இடது கையால் எழுதியிருக்கிறாள். டீச்சர் சட்டைக் கையை மடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி, போலீஸ். பெற்றவர்கள் வர வேண்டும். ரவி தோட்டத்தின் வேறொரு மூலையில் இருந்தான். ஆள் அனுப்பிவிட்டு, நவமணியைக் காடியில் ஏற்றினேன். பூட்ஸைக்கூட அவள் கழற்றவில்லை. வழியெல்லாம் ஒரே கேள்விதான். "விழுந்திருப்பா, இல்லண்ணே? ஸ்கூல்ல விழுந்திருப்பா. பிள்ளைங்கன்னா விழுகிறதுதானே?"

வார்டில் காஞ்சனா கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சட்டையை முதுகுப்பக்கம் தூக்கிக் காட்டினாள். சட்டை மாட்டும் ஹேங்கரால் அடித்தால் எப்படித் தழும்பு விழும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். பழையதன்மேல் புதியது, புதியதன்மேல் அதைவிடப் புதியது. நவமணி தொடப் போன கையை இழுத்துக்கொண்டாள். எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல் கடைசியில் பிள்ளையின் காது மடலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் விவகாரத்தைப் பார்க்கும் நல அதிகாரி ஒருவன் வந்தான். காளிதாசன் என்று பெயர். சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை, தமிழ்ப் பையன். தமிழ்ப் பையன் என்றதும் எனக்குத் தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பு அதிக நேரம் நீடிக்கவில்லை.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஆறு சார்."

"இந்தப் பிள்ளையயும் சேத்தா?"

"ஆமா சார்."

அவன் எழுதுவதை நிறுத்தி அவள் பூட்ஸைப் பார்த்தான். "முதுகுல இருக்கிறது புதுசு. அதை விசாரிக்கிறோம். ஆனா வயித்துல தொப்புள் பக்கம் ரெண்டு சூட்டுத் தழும்பு இருக்கு. டாக்டர் சொல்றாரு, அது கைக்குழந்தையா இருக்கும்போது வச்சது. அப்போ பிள்ளை யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான் சார்."

"யார் வச்சா?"

"பாப்பம்மா வச்சாங்க சார். நாந்தான் கைகாலப் புடிச்சுக்கிட்டேன். மாந்தம் சார். வயிறு உப்பிக்கிட்டு, பால் தங்கல, கண்ணு சொருகிடுச்சு. மஞ்சக் கொம்பைச் சுட்டு ஒத்துனாத்தான் நிக்கும்."

"இவளுக்கு மட்டுமா?"

"ஐயோ இல்ல சார்" என்றாள் நவமணி அவசரமாக. "ஆறு பேருக்கும் வச்சிருக்கேன்."

ஒரு பிள்ளைக்கும் குறை வைக்காத தாய் என்று நிரூபிக்கத்தான் அப்படிச் சொன்னாள். அவன் அதை வேறு கணக்கில் எழுதிக்கொண்டான். 

வெளியே நடையில் லோகேஸ்வரியும் சத்தியசீலனும் இருந்தார்கள். சத்தியசீலன் கையில் தண்ணீர்ப் புட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். அந்த மனிதன் எப்போதுமே எதையும் பார்க்காதவன், கேட்காதவன். அப்படிப்பட்ட ஒரு ஆள் இருந்தால் போதும், ஒரு வீட்டில் எதுவும் நடக்கும். லோகேஸ்வரி நன்றாகவே பேசினாள்.

"வரும்போதே பிள்ளை ஒரு மாதிரிதான் சார் இருந்தா. பேச மாட்டா, சிரிக்க மாட்டா. வயித்துல சூடு. நான் பயந்துட்டேன். அங்க என்னா நடந்துச்சோ, யாருக்குத் தெரியும்? ஆறு பிள்ளைங்க சார், யாரைன்னு பாப்பாங்க? எங்க வீட்டுல அவ ஒருத்திதான். நீங்களே வந்து பாருங்க, அவளுக்குத் தனி ரூமு."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ரவி வந்து சேர்ந்திருந்தான். சேறும் வியர்வையுமாக, மோட்டோ ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்தவன், சூட்டைப் பற்றி அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டான். தன் சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்கு இருபுறமும் இரண்டு வட்டத் தழும்புகள்.

"பாருங்க சார். எனக்கும் இருக்கு. எங்க தோட்டத்துல யாரை வேணா தூக்கிப் பாருங்க, இருக்கும்."

காளிதாசன் குனிந்து உற்றுப் பார்த்தான். "அப்போ உங்களுக்கும் சின்ன வயசுலயே நடந்திருக்கு" என்றான். அவன் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ரவி அக்காவிடம் திரும்பினான். "அக்கா, உன் வயித்துலயும் இருக்கே. அதே பாப்பம்மா வச்சதுதானே? சொல்லு அக்கா. நவமணி கொடுமைக்காரி இல்லன்னு சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

லோகேஸ்வரி பாஜூ சட்டையின் ஓரத்தை இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒன்னும் தெரியாது" என்றாள். ரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி என்று சொல்பவனை அன்று அந்த நடையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் தோட்டத்துக்கு வந்தார்கள். காளிதாசனும் ஒரு மலாய்க்கார அம்மாவும். அந்த அம்மா பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள், நல்ல மாதிரி. ஆனாலும் வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. ஒரு அறையில் இரண்டு மெத்தைகள், அதில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அடுப்புப் பக்கம் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் ரோத்தானைப் பார்த்தார்கள். பிறகு ஐந்து பிள்ளைகளையும் நிற்கவைத்துச் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். சின்னவன் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தான். யுகேஸ்வரிக்கு விளங்கும் வயது. அவள் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

லயத்தில் இருந்த மிச்சத் தமிழர் எல்லாரும் என் வீட்டு வேலியோரம் கூடிவிட்டார்கள். கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னார்கள். "ஏழு பேரு ஒரே வீட்டுல சார்." "அந்தப் பெரிய பொண்ணு ஸ்கூலுக்கே போறதில்ல." "எப்ப பாத்தாலும் அடி, கத்தல்." ஒன்றும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. பாப்பம்மா மட்டும் கோலை ஊன்றிக்கொண்டு வந்து அதிகாரியின் முன் நின்றாள்.

"நாந்தான்யா சூடு வச்சேன். என்னைப் புடிச்சிட்டுப் போ. அந்தப் புள்ளைங்க உசுரோட நிக்குதுங்கல்ல? அதுக்கு நான்தான் காரணம்."

"யாரும் யாரையும் பிடிக்க வரலை பாட்டி" என்றான் காளிதாசன். களைத்திருந்தான். என் வீட்டில் பாலில்லாத தேஓ டீ குடிக்கக் கூப்பிட்டேன். வந்தான்.

"தம்பி, உங்களுக்கு எங்களப் பத்தித் தெரியாது" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணே. என் அப்பா பாடாங் மேஹா தோட்டத்துல பொறந்தவரு." டீயைக் கலக்கினான். "நான் சொந்தமா எதுவும் சொல்லல. ஆராய்ச்சியிலயே இருக்கு. வீட்டுல பிள்ளைங்க கூடக் கூட, அடியும் கூடுது, கவனிப்பும் கொறையுது. அப்பா அம்மா ஒவ்வொருத்தரையும் பாக்க முடியாது. நாங்க அதை வச்சுத்தான் வீட்டை எடை போடணும்."

"ஜித்ரா வீட்டுல எத்தனை பிள்ளை தம்பி?"

"ஒன்னு."

"ஒன்னே ஒன்னு. தனி ரூமு. ஏர்கோன். அந்த ஒன்னுதான் கை ஒடைஞ்சு கெடக்கு. அதுக்கு உங்க ஆராய்ச்சி என்னா சொல்லுது?"

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. வேலிக்கு அப்பால் நவமணி வீட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஒன்னு அங்க எப்படிப் போச்சு அண்ணே?" என்று கேட்டான். "இங்க ஆறு இருந்ததுனாலதானே ஒன்னைத் தூக்கிக் குடுக்க மனசு வந்துச்சு? ஒன்னு மட்டும் இருந்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

 இத்தனை வயதில் ஒரு சின்னப் பையன் என் வாயை அடைத்துவிட்டான். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனும் மனிதன்தான் என்பதைப் பிறகு கண்டேன். தோட்டத்துப் பெரியவர்கள் பலரிடம் போய்ச் சூட்டுத் தழும்பைப் பார்த்து எழுதிக்கொண்டான். தோட்டத்து மருந்தகத்தில் முன்பு வேலை செய்தவரைத் தேடிப் பிடித்து மாந்தச் சூடு பற்றிக் கேட்டான். அதற்குள் காஞ்சனாவும் ஒரு பெண் டாக்டரிடம் வாய் திறந்திருந்தாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்கு முழுவதும் சொல்லவில்லை. லோகேஸ்வரியின் மேல் வழக்குப் பதிவானது. சத்தியசீலன் வக்கீல் வைத்தான். நவமணிக்கு எச்சரிக்கை. இனிப் பிள்ளைகளுக்குச் சூடு வைக்கக் கூடாது, ரோத்தான் கூடாது, யுகேஸ்வரி தினமும் பள்ளிக்கூடம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. காஞ்சனா எப்போது வீட்டுக்கு வருவாள்?

அதுவரை காஞ்சனாவைச் சுங்கை பட்டாணியில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் காளிதாசன் அழைத்தான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு முடிவாயிருச்சு. பிள்ளைகிட்டயும் சம்மதம் கேக்கணும், அதுதான் முறை. நீங்க வந்து பேசுங்க."

"பெத்த பிள்ளைகிட்ட என்னா சம்மதம்?" என்று ரவி சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். பலகை வாங்கி வந்து அறையின் குறுக்கே தடுப்பு அடித்தான். தடுப்புக்கு ரோஸ் பூசலாமா என்று யுகேஸ்வரி கேட்டதற்கு நவமணி முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. பச்சையே பூசினார்கள். புறப்படும் நாளன்று நவமணி விடியலிலேயே எழுந்து கோழி பிரட்டி, நெய்ச்சோறு ஆக்கி, கேசரி கிண்டி அடுக்குப் பாத்திரத்தில் வைத்தாள். ஐந்து பிள்ளைகளும் குளித்துப் பவுடர் போட்டு வாசலில் நின்று வழியனுப்பினார்கள். பின்சீட்டில் இடம் விட்டுத்தான் நவமணி உட்கார்ந்தாள்.

இல்லத்து வாசலில் ரவி இறங்கவில்லை. "நீ போய்க் கூட்டிட்டு வா. எனக்கு அவ மொகத்தப் பாக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றான். கொடுத்த வாய் அவனுடையது, அந்தக் கூச்சம். நவமணி தனியாகப் போகப் பயந்து என்னையும் அழைத்தாள்.

உள்ளே ஒரே இரைச்சல். கூடத்தில் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஒரு பெண் கையில் கரண்டியோடு, "டேய், வரிசைல நில்லுடா! அப்புறம் கோழி கெடையாது!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அது காஞ்சனா என்று விளங்க எங்களுக்குச் சற்று நேரமானது. அவள் குரல் அத்தனை பெரிது என்று பெற்றவளுக்கே தெரியாது.

நவமணியைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். மூவரும் வாசல் பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கேசரியை எடுத்து ஊட்டினாள் நவமணி. காஞ்சனா வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாண்டா. அப்பா வெளிய நிக்கிறாரு. உனக்குன்னு தடுப்பெல்லாம் அடிச்சிருக்காரு. எல்லாம் வாசல்லயே காத்துக்கிட்டு இருக்குதுங்க."

காஞ்சனா விரலில் ஒட்டிய நெய்யை நக்கினாள். பிறகு கேட்டாள். "அம்மா, ஆறு பேருல ஏம்மா என்னைக் குடுத்தீங்க?"

நவமணி என்னைப் பார்த்தாள்.  பிள்ளையிடம் அவள் பொய் சொல்லியிருக்கலாம். வசதிக்காக, உன் நல்லதுக்காக என்று எதையாவது. அவளுக்கு அது வரவில்லை.

"நீ அழ மாட்டடி" என்றாள். "மத்ததுங்கள விட்டா ஊரைக் கூட்டும். நீ எங்க விட்டாலும் இருந்துக்குவேன்னு நெனச்சேன்."

"அத்தையும் அதைச் சொல்லித்தாம்மா அடிச்சாங்க" என்றாள் காஞ்சனா. குற்றம் சொல்லும் குரல் இல்லை, சேதி சொல்லும் குரல். "'ஏன்டி அழ மாட்டேங்குற, அம்மான்னு கூப்ட மாட்டேங்குற, அழுடி அழுடி'ன்னு. நான் அழுதிருந்தா விட்டிருப்பாங்க போல. எனக்கு வரல."

நவமணி பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் அறைந்துகொண்டாள். "இனிமே யாருக்கும் உன்னைக் குடுக்க மாட்டேண்டி. சாமி சத்தியமா குடுக்க மாட்டேன். வந்துடுடி."

காஞ்சனா கைகளை மெதுவாக உருவிக்கொண்டாள். அம்மாவின் கண்ணைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள். உள்ளே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், "வர்றேன்!" என்று கத்தினாள்.

"இங்க முப்பது பேரு இருக்கோம்மா" என்றாள். "யாரையும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க. நான் கேட்டுட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு மறுபடி சோறு போட ஆரம்பித்தாள்.

நவமணி பெஞ்சிலிருந்து எழ நான்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. நெய்ச்சோறும் கோழியும் இருந்த அடுக்கை இல்லத்து அம்மாவிடம் கொடுத்தோம். வெளியே ரவி காடிக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்றுகொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று கண்டபின்னும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்க?" என்றான். "என்னா சொன்னா?"

நவமணி பின்கதவைத் திறந்து, விட்டுவைத்திருந்த இடத்தில் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"நடுவுல பரீட்சையாம்" என்றாள். "லீவுக்கு வருவாளாம்."

நான் காடியை எடுத்தேன்.